கனடா எண்டு ஒட்டின பக்கெற்

— டொக்டர் திரும்பவும் அதையே கேட்டவரோ, குணவதி?

— ஓம், பேர்ணடெற் அக்கா. என்ரை ரதி மாட்டிறைச்சி சாப்பிட்டவளோ எண்டு. மாமா முந்திக்கொண்டு இல்லையெண்டு சொல்லிப்போட்டார். நாங்கள் சைவக்காரர், மாடு எங்களுக்குத் தெய்வம் எண்டு பெரிய பிரசங்கமே வைச்சார். எனக்கெங்கை அவ்வளவு இங்கிலீசு.

— உம்மடை மாமனார் இப்ப எங்கை?

— கீழை, ஆஸ்பத்திரிக் கன்ரீனிலை தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார்.

— பிள்ளைக்கு எப்பிடி?

— வயித்தாலை ரத்தம் போனது நிண்டிட்டுது. ஆனா சலம் போகுதில்லை. முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு. கிட்னி எண்டு சொல்லுகினம். எனக்குப் பயமாக் கிடக்கு அக்கா.

— மாதாவே. இதிலை இரும். ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. போன வெள்ளி நீர் வேலை செய்யிற பிறம்ரன் இறைச்சிப் பக்ரறியிலை குடுத்த பக்கெற்றை எனக்குக் கொண்டந்து தந்தீரெல்லே, அது எந்த நாட்டு இறைச்சி?

— கனடாதான். அவுஸ்திரேலியாவும் கிடந்தது, நியூசிலாந்தும் கிடந்தது. நான் கிண்டிக் கிளறி, கனடா எண்டு ஒட்டினதாப் பாத்து எடுத்தனான்.

— அதேன் அப்பிடி?

— மற்றது கப்பலிலை எவ்வளவு காலம் கிடந்து வாறதோ. இஞ்சத்தை இறைச்சி எண்டால் நம்பலாம்தானே. லேபிள் ஒட்டுறதே நான்தான் அக்கா, அதிலை பொய்யில்லை.

— எங்கடை இவரும் உதைத்தான் சொல்லுறவர். கடையிலை லேபிள் பாக்காமல் தொடமாட்டார்.

— பேந்தென்ன, நம்பலாம்தானே?

— மாடு எங்கை வளந்ததெண்டு லேபிள் சொல்லும், பிள்ளை. பக்கெற் எங்கை கிடந்ததெண்டு சொல்லுமே? நீர் வெள்ளி பின்னேரம் வேலையாலை வந்தனீர். என்னட்டைச் சனி மத்தியானம்தான் தந்தனீர். இடையிலை எங்கை வைச்சனீர்?

— பல்கனியிலை.

— பல்கனியிலையோ?

— எங்கடை பிறிட்ஜுக்கை வைக்கேலுமே? வெள்ளிக்கிழமையிலை முட்டை வைக்கவே மாமா விடார். சாமிக்குப் படைக்கிற பாலும் பழமும் அதுக்கைதான். விண்டர் முழுக்கப் பல்கனியிலை வைச்சுத்தானே உங்களுக்குத் தந்தனான். கல்லுமாதிரி இறுகிக் கிடக்கும்.

— அது விண்டர். இப்ப மே மாதம். வெள்ளிக்கிழமை சுவெற்றரும் இல்லாமல் திரிஞ்சம்.

— எனக்கென்ன தெரியும்? பிறந்ததுக்கு மாட்டிறைச்சி சமைச்சனானே? நாள் முழுக்கப் பொதி செய்யிறன். பழுதாப்போனா எப்பிடி மணக்குமெண்டும் தெரியாது, நல்லது எப்பிடி மணக்குமெண்டும் தெரியாது. நீங்கள் அவிக்கிறனீங்கள்தானே? நெருப்பிலை போனா எல்லாம் செத்துப்போகும்தானே?

— அதைத்தான் நானும் யோசிக்கிறன். வழக்கமாக் கறிதான் வைக்கிறது, அவிஞ்சு பஞ்சாப்போகும். அண்டைக்குப் பிள்ளையள் ஹம்பேர்கர் வேணுமெண்டு நிண்டதுகள். அரைச்ச இறைச்சிதானே, தட்டிப் பொரிச்சன். முதல் ஒண்டு உள்ளுக்கை சிவப்பாக் கிடந்ததைப் பிந்தித்தான் கண்டனான். மற்றதெல்லாத்தையும் திரும்பச் சட்டிக்கை போட்டு நல்லாப் பொரிச்சுக் குடுத்தன்.

— அந்த முதல் ஒண்டு?

— குணவதி, உம்மடை மாமனார் டொக்டரிட்டைச் சொன்னது பிழை. சனிக்கிழமை ரதி எங்கடை வீட்டிலை நிண்டவள்தானே. பசிக்குது அன்ரி எண்டு கோப்பையோடை வந்து நிண்டாள். எனக்கு மனம் கேக்கேல்லை. பாதி கடிச்சதுக்குப் பிறகுதான் சிவப்பைக் கண்டு பறிச்சனான்.

— அப்ப பாதி உள்ளுக்கை போயிட்டுது.

— வேதக்காரி பிள்ளைக்கு மாட்டிறைச்சி குடுத்துப்போட்டாளெண்டு உம்மடை மாமனார் ஊரெல்லாம் சொல்லட்டும். நான் போய் டொக்டரிட்டைச் சொல்லுறன். என்ன சாப்பிட்டதெண்டு தெரியாமல் அந்த மனுசன் என்னத்தை வைத்தியம் பாக்கிறது? நீர் என்னை மன்னிச்சாக் காணும், அது போதும்.

— நீங்கள் சொல்லவேண்டாம் அக்கா.

— என்ன கதை இது? பிள்ளை சாகக் கிடக்குது. மாமனுக்குப் பயந்து இன்னும் ஒளிக்கப் போறீரோ?

— ஒளிக்கேல்லை. மாமா வரட்டும், அவருக்கு முன்னாலை நானே சொல்லுறன். நீங்கள் டொக்டருக்கு இங்கிலீசிலை சொல்லிவிட்டாக் காணும். பள்ளிக்கூடத்திலை எல்லாப் பிள்ளையளும் ஹம்பேர்கர் தின்னேக்கை தான் மட்டும் பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டு ரதி ஒவ்வொரு நாளும் அழுதவள். அம்மாவை ஹம்பேர்கர் பொரிக்கச் சொல்லுங்கோ எண்டு உங்கடை பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான் அக்கா.