வெயிலுக்கு வெட்டிய முடி

ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்: "தேங்காண்ணெய் வாசம் வந்தாலே அழுகையா வருதுக்கா."

"ஏம்ட்டி?"

"படுக்கையில கெடக்க அம்மைக்கு முடிய ஒட்ட வெட்டிட்டேன்லா."

"இந்த வெயிலுக்கு நல்லதுதான. வேர்க்குரு வராது."

"எல்லார்ட்டயும் அப்படித்தான் சொன்னேன். நெசம் அது இல்லக்கா. தினமும் எண்ணெய் வச்சுச் சிக்கெடுக்கச் சடவுபட்டு, அலுத்துப்போய்த்தான் வெட்டினேன்."

"அம்மை ஏசுனாளா?"

"ஏசியிருந்தாக்கூட பரவால்ல. வெட்டுனதே அவளுக்கு மறந்துபோச்சு. சாயங்காலமானா, கொண்டை அவுந்துட்டு, போட்டுவிடுன்னு தலையத் திருப்புதா."

"நீ என்ன செய்வ?"

"எண்ணெயத் தொட்டு வெறும் பிடரியில தடவி, போட்டுட்டேம்மான்னு சொல்லுதேன். 'இன்னைக்குத்தாம்ட்டி வலிக்காம போட்டிருக்க'ங்கா."