முன்சுவரை உடைத்த கட்டடக்கலைஞருக்கு

கோடுகளை நேராகவும் குணத்தைக் கனிவாகவும் வைத்திருந்தவரே, வெயிலில் நின்று நிழலை வரைந்தவரே, வன்னி மண்ணின் வாசலும் வளவும் அறிந்த கட்டடக்கலைஞர் திருமதி ஜெகதீஸ்வரி விஜிதரன் அம்மையார் அவர்களே, அறுபது அகவை நிறைந்து அரச பணியிலிருந்து நீங்கள் விடைபெறும் இந்நாளில், ஒரே கூரையின் கீழ் உங்களோடு உழைத்த வடிவமைப்புப் பிரிவினர் நாங்கள், பெருமையோடும் சற்றே கலங்கிய கண்களோடும் இம்மடலை உங்கள் முன் வைக்கிறோம்.

இத்தகைய மடலை முழுவதும் 'நீங்கள், நீங்கள்' என்று வாசிப்பதே வழக்கம். ஆனால் முகத்துக்கு நேரே புகழ்ந்தால், தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி நீங்கள் எழுந்துபோய்விடுவீர்கள். பதவி உயர்வு கிடைத்த அன்றும் அப்படித்தான் போனீர்கள். ஆகவே வேறொருவரைப் பற்றிப் பேசுவதுபோல, இனி 'அவர்' என்றே சொல்லப்போகிறோம். நீங்களும் வேறொருவரைப் பற்றிக் கேட்பதுபோல அமர்ந்திருங்கள்.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து நீர்ப்பாசனக் குடியேற்றத்துக்கு வந்த ஒரு கமக்காரரின் மகள். வாய்க்கால் வரம்பில் நடந்து பள்ளிக்கூடம் போனவர், பிற்காலத்தில் அதே பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வரைந்தார். மீள்குடியேற்றத்தின் பின்னர் வன்னியெங்கும் எழுந்த வகுப்பறைகள், மருத்துவ விடுதிகள், தபாலகங்கள் என எத்தனையோ கூரைகளின் கீழே அவருடைய கையொப்பம் இருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை மேலிடத்திலிருந்து வரும் மாதிரிப் படங்கள். எங்கே கட்டினாலும் ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே யன்னல். அவற்றையும் அவர் பாய்விரித்ததுபோல அப்படியே விரித்துவிடவில்லை. சோளகக் காற்று எந்தப் பக்கத்தால் வருமென்று பார்த்து, கட்டடத்தை ஒரு சாய்வு திருப்பி வைப்பார். அந்தச் சிறு திருப்பத்தால் இன்றும் எத்தனை பிள்ளைகள் வியர்க்காமல் படிக்கிறார்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்கே தெரியாது.

அவருக்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. படம் முடிந்ததும் அதை மேசையில் வைத்து எவருக்கும் விளக்கமாட்டார். வெற்றுக் காணிக்கு எல்லோரையும் அழைத்துப்போய், கயிறு பிடித்து, சுண்ணாம்புத் தூளால் முழுக் கட்டடத்தையும் நிலத்தில் கீறுவார். பிறகு எங்களை அதற்குள் நடக்கவிடுவார். மருத்துவமனைச் சமையலறை ஒன்றைக் கீறிய அன்று எங்கள் படவரைஞர் நிசாந்தினி வாளியோடு குறுக்கே நடந்துவிட்டார்.

"நிசாந்தினி, நீர் இப்ப சுவருக்குள்ளால போனீர்," என்றார் அவர். "பரவாயில்லை, நோகேல்லைத்தானே. ஆனா நீர் இதால போகத்தான் ஆசைப்பட்டனீர். வாசலை நான் பிழையா வைச்சிட்டன்."

வாசல் இடம் மாறியது. அவர் விட்டுக்கொடுப்பது அப்படித்தான், சிரித்துக்கொண்டே. ஆனால் எல்லா விட்டுக்கொடுப்பும் அப்படியானதல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மேலிடம் சொன்னதென்று ஒரு விறாந்தையை வெட்டுவார். திகதி நெருங்குகிறதென்று ஒரு முற்றத்தை விடுவார். ஒவ்வொரு கட்டடத்திலும் தான் விட்டுக்கொடுத்த இடம் எதுவென்று அவருக்குத் தெரியும். பேருந்து அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். பக்கத்து இருக்கையில் இருந்த எங்களில் சிலர் அதைக் கவனித்திருக்கிறோம். கேட்டதில்லை.

அவருடைய பணிக்காலத்தின் கடைசியில், ஓமந்தைக்கு அருகே நாட்டார் பண்பாட்டு அருங்காட்சியகம் ஒன்று அமைக்கும் பொறுப்பு எங்கள் பிரிவுக்கு வந்தது. இதற்கு மாதிரிப் படம் எதுவும் இல்லை. முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை அவருடையது. நடுவில் வட்டமான கூத்துக் களரி. அதைச் சுற்றி நெல்லுக்கு ஒரு மண்டபம், மாட்டுப்பட்டிக்கு ஒன்று, குளத்துக்கு ஒன்று, வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஒன்று. எந்த மண்டபத்திலிருந்து வெளியே வந்தாலும் களரியில் கால்படும். தாழ்ந்த கூரைகள், நின்ற மரங்களில் ஒன்றும் தறிக்கப்படவில்லை. அந்த மாதங்களில் அவர் அலுவலகத்தில் மெல்லப் பாடிக்கொண்டு வேலை செய்தார். அவருக்குப் பாட வரும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

களரியின் தென்பக்கத்தில் சிறிய அறை ஒன்றையும் அவர் சேர்த்திருந்தார். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களுக்கான அறை அது. லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு எப்படி இருந்ததென்று காட்டுவதற்காக. அருங்காட்சியகக் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற அதிபர் மயில்வாகனம் ஐயா, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"இது வன்னி அருங்காட்சியகம், பிள்ளை. தேயிலைத் தோட்டம் இஞ்ச எங்க இருக்கு?"

"தோட்டம் இல்லை, சேர். தோட்டத்திலயிருந்து வந்த சனம் இருக்குதுதானே."

"வந்த சனமெண்டால் நானும் வந்தவன்தான். பருத்தித்துறையிலயிருந்து அப்பாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். எனக்கும் ஒரு அறை கீறுமன்."

"நெல்லு மண்டபம் முழுக்க உங்கட அறைதானே, சேர்."

குழுவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அறை சிறியதென்பதால் அனுமதி கிடைத்தது. பூவரசங்குளத்துப் பக்கத்திலிருந்து மாதர் சங்கத்தின் சார்பில் குழுவில் இருந்த வடிவம்மா, படத்தில் என்ன பெயர் எழுதுவதென்பதை மட்டும் திருத்தினார். "அறைன்னு எழுதாதீங்க மிஸ். எங்க ஆளுங்களுக்கு அது ஒட்டாது. லயத்துல நாங்க காம்பரான்னுதான் சொல்லுவோம்."

அவர் அப்படியே எழுதினார். காம்பரா. உள் விபரங்களை நேரில் வந்து சொல்வதாகவும் அருகே குறித்தார். ஆனால் அடுத்த கிழமையே டெங்குக் காய்ச்சலில் படுத்துவிட்டார். மழைக்கு முன்னர் கூரை ஏற்றிவிடவேண்டுமென்று ஒப்பந்தகாரர் செல்வநாயகம் காத்திராமல் வேலையை முடித்தார்.

எழுந்து நடமாட முடிந்ததும் அவர் வேலைத்தளத்துக்கு வந்தார். செல்வநாயகம் மகிழ்ச்சியோடு அழைத்துப்போனார். தென்பக்கத்தில் நான்கு பக்கமும் அடைத்த ஓர் அறை. யன்னல் ஒன்றும் இல்லை. இரும்புக் கதவு. சுவருக்குள் வயர் குழாய்கள்.

"இது என்ன, செல்வநாயகம்?"

"கமரா அறை, மிஸ். பதினாறு கமரா பூட்டலாம். கள்ளன் வந்து பதிவுப் பெட்டியைத் தூக்கேலாது எண்டு யன்னலே விடேல்லை."

"நான் காம்பரா எண்டெல்லோ எழுதினனான்."

"ஓம். காய்ச்சலோட எழுத்துப்பிழை விட்டிட்டியள் எண்டு நான்தான் திருத்தினனான்."

அவர் கண்ணில் நீர்வரச் சிரித்தார். செல்வநாயகமும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமலே. பிறகு அவர் அங்கிருந்த சீமெந்து மூட்டையின் மேல் அமர்ந்தார்.

தவறு எவருடையதும் இல்லை. யாரும் அவரைக் குற்றம் சொல்லப்போவதும் இல்லை. அருங்காட்சியகத்துக்குக் கமரா அறை ஒன்று எப்படியும் தேவைதான். பணி நிறைவுச் சான்றிதழில் அவர் கையொப்பம் இட்டால் கட்டடம் ஒப்படைக்கப்படும், அதற்குப் பின் ஒரு கல்லையும் எவரும் அசைக்கமாட்டார்கள். விட்டுக்கொடுப்பதற்கு இதைவிட வசதியான இடம் அவருடைய வாழ்வில் வந்ததில்லை. அதுதான் அவரை உறுத்தியது. இந்த ஒரு கட்டடத்தையாவது முகத்தைத் திருப்பாமல் கடந்துபோக வேண்டுமென்று அவர் உள்ளூர ஆசைப்பட்டிருந்தார்.

அவர் வடிவம்மாவை வரவழைத்தார். மயில்வாகனம் ஐயா சான்றிதழோடு வந்ததும் அன்றுதான். நடந்ததைக் கேட்டு வடிவம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எங்க காம்பராவுல கமரா வச்சுப் பாதுகாக்குற அளவுக்கு என்னா மிஸ் இருந்துச்சு?"

செல்வநாயகத்துக்கு ரோசம் வந்துவிட்டது. தன் வேலையின் தரத்தைக் காட்டுவதற்காக எல்லோரையும் உள்ளே அழைத்து, "கதவின்ர பொருத்தத்தைப் பாருங்கோ, வெளிச்சம் ஒரு பொட்டும் வராது," என்று இழுத்துச் சாத்தினார். பகல் வெளிச்சம் முழுவதும் வெளியே நின்றுவிட்டது. புழுக்கத்தில் ஆளையாள் உரசிக்கொண்டு நின்றபோது வடிவம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"சரியாத்தான் கட்டியிருக்காரு. மிஸ், நீங்க சுண்ணாம்புல கீறினப்ப ரெண்டு ஜன்னல் வச்சிருந்தீங்க. அன்னைக்கே சொல்லலாம்னு நெனச்சேன், ஆசையா போட்டிருந்தீங்கன்னு விட்டுட்டேன். எங்க காம்பராவுக்கு ஜன்னலே கெடையாது. அம்மா இதுக்குள்ளதான் சமைச்சாங்க. தம்பியையும் இதுக்குள்ளதான் பெத்தாங்க."

கதவு திறந்தது. மயில்வாகனம் ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வடிவம்மா வாசலிலேயே நின்றார்.

"ஆனா ஒண்ணு மிஸ். எங்கள இதுக்குள்ள கொண்டாந்து வைக்காதீங்க. எங்க பேரப்புள்ளைங்க வந்து பாத்தா, நம்ம ஆளுங்கன்னா இந்த இருட்டுதான்னு நெனச்சுக்கும். இத விட்டுட்டு வந்து காட்டை வெட்டி வயல் செஞ்சவங்க நாங்க."

"பாத்தீரே, பிள்ளை," என்றார் மயில்வாகனம் ஐயா. "அவவே வேண்டாமெண்டுறா. கமரா அறையாவே இருக்கட்டும்."

"வேணாம்னு சொல்லல ஐயா. இதுக்குள்ள வேணாம்னு சொன்னேன்."

யன்னல்களை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்ததென்று பின்னர் நிசாந்தினியிடம் சொன்னார். காற்று நல்லதென்பதால் இல்லாத காற்றை அந்த வீட்டுக்குள் விட்டுவிட்டேன், என்றார். அன்று அங்கே நின்றபோது அவருடைய கண் அறைக்கும் களரிக்கும் இடையிலிருந்த முன்சுவரிலேயே நின்றது.

"செல்வநாயகம், இந்தச் சுவரில கூரைப் பாரம் இருக்கோ?"

"இல்லை மிஸ். பாரமெல்லாம் தூணிலயும் பீமிலயும்தான். இது சும்மா அடைச்ச சுவர்."

"அப்ப இதை உடைக்கவேணும். மற்ற மூண்டும் இருட்டா அப்படியே இருக்கட்டும். இந்தப் பக்கத்தால சனம் களரிக்கு வெளிய வரட்டும்."

"என்ர கையால கட்டி என்ர கையாலயே உடைக்கிறதோ?" என்று செல்வநாயகம் தலையில் கைவைத்தார். "சரி, உடைச்சால் ஓரத்தை நேரா வெட்டிப் பூசித் தாறன்."

"வேண்டாம். நேரா வெட்டினால் அது வாசல். இது உடைச்சதாத் தெரியவேணும்."

மயில்வாகனம் ஐயா சான்றிதழை நீட்டினார். அவருடைய குரலில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது. "திறப்பு விழாவுக்குத் திகதி குறிச்சாச்சு, பிள்ளை. தள்ளிப்போட்டால் நீர் ஓய்வில போயிடுவீர். அண்டைக்குப் பதவியில இருக்கிற ஆளின்ர பேர்தான் கல்லில வரும். இவ்வளவு பாடுபட்டனீர். கையெழுத்தை வைச்சிட்டு நிம்மதியாப் போம்."

பெயர் வேண்டாமென்று நினைக்கும் துறவி அல்லர் அவர். தன் பெயரைக் கல்லில் காண ஆசைப்பட்டார். ஒருமுறையாவது, சொந்தமாக வரைந்த ஒன்றில். சான்றிதழை வாங்க அவருடைய கை பாதிவரை நீண்டதை அருகில் நின்ற நாங்கள் கண்டோம்.

"கையெழுத்து வைக்கமாட்டன், சேர்," என்றார். "என்ர பேரை எடுத்துவிடுங்கோ."

அவ்வளவுதான். அத்தனை வருடங்களில் அவர் எவருக்கும் சொல்லாத 'மாட்டன்' அது. மயில்வாகனம் ஐயா அவரையும் அந்த இருட்டறையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "குழுவுக்கு நான் கதைக்கிறன். ஆனா உடைக்கேக்க என்னையும் கூப்பிடும்."

சென்ற கிழமை உடைத்தார்கள். வடிவம்மாவும் ஊர்ப் பெண்களும் வந்திருந்தார்கள். முதல் அடியை யார் அடிப்பதென்று கேட்டபோது செல்வநாயகம் சம்மட்டியை எவருக்கும் கொடுக்கவில்லை. "என்ர சுவர்," என்றார். வெளிச்சம் முதலில் ஓர் ஓட்டையாக விழுந்தது, பிறகு கதவளவு, பிறகு சுவரளவு. புழுதி அடங்குமுன்னரே, உள்ளே நின்ற வடிவம்மா சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செங்கற்களின் மேல் ஏறி வெளியே வந்தார். பின்னால் மற்றப் பெண்கள். கடைசியாக வந்தவருக்குக் கால் தடுமாற, கைகொடுத்து இறக்கியவர் மயில்வாகனம் ஐயா. அவர்கள் களரியின் நடுவே போய் நின்று, இனி என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

ஜெகதீஸ்வரி அம்மையார் அங்கேயே, கற்குவியலின் மேல் அந்தச் சான்றிதழை வைத்து, தம் பணிக்காலத்தின் கடைசிக் கையொப்பத்தை இட்டார்.

இப்போது மீண்டும் உங்களிடமே வருகிறோம், அம்மா. அடுத்த மாதம் திறக்கப்படும் அந்தக் கட்டடத்தின் கல்லில் உங்கள் பெயர் இருக்காது. இதை நாங்கள் மறைக்கவில்லை, இதற்காக மன்னிப்பும் கேட்கவில்லை. எங்கள் பிரிவு எழுப்பிய சுவர்கள் வன்னியெங்கும் நிற்கின்றன. எங்கே வேலை செய்கிறீர்கள் என்று எவரேனும் கேட்டால், இனி நாங்கள் எழுப்பிய எதையும் சொல்லமாட்டோம். ஓமந்தையில் ஒரு சுவர் உடைந்திருக்கிறதே, அதை உடைத்தவரோடு வேலை செய்தோம் என்று சொல்வோம்.

நோய் அணுகாத உடலும் நொந்துபோகாத உள்ளமும் பெற்று, அன்புக் கணவரோடும் மக்களோடும் நெடுங்காலம் நீங்கள் நிறைவாக வாழவேண்டும். எவருடைய அனுமதியும் தேவைப்படாத படங்களை இனி விரும்பியபடி வரையவேண்டும். ஓமந்தையைப் பேருந்து கடக்கும் ஒவ்வொரு முறையும் யன்னலோர இருக்கை உங்களுக்குக் கிடைக்கவேண்டும்.

என்றும் உங்கள் அன்பில்,
வடிவமைப்புப் பிரிவின் உத்தியோகத்தர்களும் பணியாளர்களும்,
வவுனியா.