ஏச்சு வாங்காதவன்

கருங்கலிலிருந்து இனயம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் விசைப்படகு ஓட்டுபவர், மற்றவர் அவருடைய கூட்டுக்காரர்.

“நான் ஏசல்லன்னு நம்ம படகுல வேலை பாக்குத ஒடிசாக்காரப் பய ஊருக்குப் போறேன்னு நின்னான் மக்கா.”

“ஏசாததுக்கா?”

“முன்ன இவன மாதிரி வெளியூர்க்காரன் ஒருத்தன் நான் ஏசினதுல கோவிச்சிட்டு ஓடிட்டாம்லா. அதனால இவன்கிட்ட மெதுவாத்தான் பேசுவேன். வலை இழுக்கும்போ நம்ம பயலுவளுக்கு மட்டும் வழக்கம்போல ஏச்சு.”

“அது இல்லாம வலை ஏறுமா?”

“இவன் அதப் பாத்துட்டே இருந்திருக்கான். ‘எல்லாரையும் ஏசுதீங்க, என்கிட்ட மட்டும் விருந்தாளிகிட்ட பேசுத மாதிரி பேசுதீங்க. என்ன வேலையவிட்டு நிறுத்தப் போறீங்களா?’ன்னு கேட்டான்.”

“பிறகு?”

“நேத்து வலை சிக்கிட்டு. அவனுக்க அப்பன் வரைக்கும் இழுத்து ஏசினேன்.”

“அழுதானா?”

“எங்க அழ? எனக்க அப்பனையும் இழுத்து, நம்ம பாசையிலயே திருப்பி ஏசினான்.”

“நீ சும்மாவா விட்ட?”

“‘இப்பம் ஊருக்குப் போறியாலே?’ன்னு கேட்டேன். ‘வாய் பாக்காம வலையப் பிடிலே’ங்கான்.”

“பிடிச்சியா?”

“பிடிச்சேன்.”