வெறுங்கம்பிச் சுருதி

டீ நன்றாக இருக்கிறது சார். ஸ்டேஷன் டீ என்றால் டம்ளர் கழுவிய தண்ணீர் என்று பயமுறுத்தியிருந்தார்கள். இதில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். எந்தக் கடை என்று போகும்போது சொல்லுங்கள், நம் கம்பெனிக்கும் அங்கேயே சொல்லிவிடலாம்.

என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாக வந்தேன். அதை முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். பெயர் ஞானசம்பந்தம். அவிநாசிபாளையம் போகிற வழியில் பனியன் துணி வெட்டித் தைக்கிற கம்பெனி அப்பாவுடையது, நடத்துவது நான். அதற்கு முன்னால் எங்களுக்கு நூல் வியாபாரம். எங்கள் வீட்டில் கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு வாங்கினாலும் தேங்காய்க்கு விலை குறைத்துக் கேட்டுவிட்டுத்தான் சாமியைப் பார்ப்போம். பேரம் தெரிந்தவனுக்குக் கோபம் வராது. அதனால் கோபத்தில் செய்தேன் என்று எழுதினால் கையெழுத்துப் போடமாட்டேன்.

2007இல் துணிக் கண்காட்சிக்கு ஜெர்மனி போனேன். கூட வந்தவர்கள் சாக்லேட்டும் சென்ட்டும் வாங்கினார்கள். நான் எட்டுக் கம்பி எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். வழக்கமான கிட்டாருக்கு ஆறு கம்பி. இதில் அடித்தொண்டைக்கென்று தடியாக இன்னும் இரண்டு. கடைக்கார வெள்ளைக்காரனை அரை நாள் உட்கார வைத்துப் பேசி, உறையை இனாமாக வாங்கினேன். அவன் இனி தமிழன் யாரைப் பார்த்தாலும் கடையைச் சாத்திவிடுவான்.

கிட்டாரைச் சும்மா தடவினால் இனிமையாக வராது சார். கம்பிகளை அப்படித்தான் சுருதி கட்டி வைத்திருக்கிறார்கள். இடது கை விரல்கள் அங்கங்கே போய் அழுத்தினால்தான் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். உலகமே அதை ஒத்துக்கொண்டுவிட்டது. முதலில் சொன்ன விலையை ஒத்துக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை. முறுக்காணிகளைத் திருகினேன். அடிக்கம்பியை இறக்கினேன், நடுக்கம்பிகளை ஏற்றினேன். எட்டும் ஒரே குடும்பமாக வந்து நிற்கும்வரை விடவில்லை. ஓப்பன் ட்யூனிங் என்பார்கள். நான் வெறுங்கம்பிச் சுருதி என்பேன். இடது கையே வேண்டாம், வலது கையால் ஒரு தடவு, கல்யாண மண்டபமே எழுந்து நிற்பது போல இருக்கும். மெல்லிய கம்பியிலிருந்து மூன்றாவதை மட்டும் அரைச் சுருதி இறக்குங்கள், அதே மண்டபம் இழவு வீடாகிவிடும். இப்படி எத்தனையோ கட்டிப் பார்த்தேன். நிட்டிங் மெஷின் ஓடுகிற ஓசைக்கே அடிக்கம்பியைக் கட்டிப் பார்த்தேன்.

கதவைத் திறந்தவன் நான். உள்ளே நடக்க, அதாவது வாசிக்க, மட்டும் என் கைக்கு வரவில்லை. இதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆர்டர் பிடிக்கிறவன் வேறு, தைக்கிறவன் வேறு. தைக்கிறவன் என்று நான் கண்டுவைத்திருந்தது செல்வினை.

செல்வின் நாகர்கோவில் பக்கத்துப் பையன், எங்கள் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சபையில் கிட்டார் வாசிப்பான். அவன் இடது கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விரல்கள் கம்பியில் போகும், வரும், எங்கே போய்விட்டு வந்தன என்று தெரியாது. எட்டுக் கம்பியை என் சுருதியில் கட்டி அவன் மடியில் வைத்தேன். ஒருமுறை தடவினான், சிரித்தான், முறுக்காணிகளைத் திருகிப் பழைய சுருதிக்கே கொண்டுபோனான்.

"ஏன்பா, இதுக்கென்ன கொறை?" என்றேன்.

"வெறுங்கம்பியே பாடிட்டா வெரலுக்கு என்ன வேலண்ணே? அதுவும் சோறு திங்க வேண்டாமா? எங்க போவணும்னு என் வெரலுக்கே தெரியும். வீட்டுச் சாமான எடம் மாத்தி வச்சுட்டு இருட்டுல நடன்னா, முட்டிக்கிட மாட்டனா?"

பல தடவை கேட்டேன். சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்னேன், கிட்டாரையே தருவதாகச் சொன்னேன். அதே சிரிப்பு. கொடுக்கல் வாங்கலில் எதிராளி இறங்கி வராததற்கு ஒரே காரணம்தான் இருக்கும்: அவன் கையில் வேறு சரக்கு இருக்கிறது. செல்வின் கையில் இருந்த சரக்கு விரல்கள்.

இப்போது கையுறை விஷயம். வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட் வரும் நாளில் எங்கள் ஊர் கம்பெனிகளைப் பார்க்க வேண்டும் சார், ஆஸ்பத்திரி தோற்றுவிடும். ஆளுக்கொரு முகமூடி, கட்டிங் டேபிளில் ஸ்டீல் இழை கையுறை. ஆடிட்டர் கார் தெரு தாண்டியதும் எல்லாம் பெட்டிக்குப் போய்விடும். அசல் ஸ்டீல் கையுறை விறைப்பு, வேலை ஓடாது. அதனால் சாம்பல் நிறப் பளபளப்பு நூலில் நானே கையுறை பின்னச் சொல்லியிருந்தேன். பின்னலாடை ஊரில் அது பெரிய காரியமா? பார்த்தால் ஸ்டீல், கத்திக்கு வெண்ணெய். அது எல்லோருக்கும் தெரியும், அதனால் எல்லோரும் கையைக் கத்தியிலிருந்து தள்ளியே வைப்பார்கள்.

செல்வின் மட்டும் தினமும் அசலைப் போடுவான். மணிக்கட்டில் நீல நூலால் ஒரு சிலுவைக்குறி போட்டு வைத்திருந்தான். செக்கிங்கில் இருக்கிற ரங்காத்தாள் அவனைப் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங் மாஸ்டரு, கைக்குக் கண்ணாலமுங்களா?" என்பாள்.

"ஆமக்கா, ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராவ" என்பான்.

கையுறையை நம்பியவன் துணி பிடிக்கிற இடது கையைக் கத்திக்குப் பக்கத்தில் வைப்பான். மற்றவர்கள் ஒரு சாண் தள்ளிப் பிடிக்கிற துணியை அவன் ஒட்டிப் பிடிப்பான். அதனால்தான் அவன் வெட்டு அவ்வளவு சுத்தம். இதை நான் கவனித்தேன். கவனிப்பது முதலாளி வேலை.

ஆடிட் முடிந்த அன்று எல்லாக் கையுறையும் ஒரே பெட்டிக்கு வந்தது. அவனுடையதை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி நூல் கையுறை ஒன்றை வைத்தேன். கஞ்சி போட்டு விறைப்பாக்கியிருந்தேன். நீலக் குறியை நானே தைத்தேன், எனக்குத் தையல் சுமாராக வரும். இதோ பாருங்கள், அசல். மேஜைமேல் வைக்கிறேன். கத்தியால் இழுத்துப் பாருங்கள், ஒரு இழை அறாது.

மறுநாள் அலறல் கேட்டு மெஷின் ஸ்விட்சை அணைத்தவன் நான்தான். காரில் அவன் இடது கையை என் மடியில் வைத்துக்கொண்டு போனவனும் நான்தான். இரண்டு விரல் என்று நினைத்திருந்தேன், மூன்று போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். சுண்டுவிரல் மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். துணியை அமுக்கும்போது அவனுக்கு அது தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், டீ குடிக்கிற கலெக்டர் மாதிரி.

அதற்காகத்தான் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கிற சுப்பண்ணனிடம் பித்தளைக் குழாய் ஒன்று கடையச் சொல்லியிருந்தேன். எட்டுக் கம்பிக்கும் எட்டுகிற நீளம், செல்வினின் சுண்டுவிரல் அளவு. வெறுங்கம்பிச் சுருதியில் விரல் வேண்டாம் சார், குழாயைக் கம்பிகள்மேல் குறுக்கே வைத்து வழுக்கினால் போதும்.

"சுண்டு வெரலுக்குங்களா? மத்த வெரலெல்லாம் சும்மா ஒக்காந்திருக்குமுங்களா?" என்று கேட்டார் சுப்பண்ணன்.

"அதுகளுக்கு லீவுங்க" என்றேன்.

விபத்துக்கு முந்தின வாரம் கேட்டார். நீங்கள் எழுதாமல் விட்டுவிடப் போகிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

கட்டுப் பிரித்த அன்று கிட்டாரை என் சுருதியில் கட்டி, குழாயோடு அவன் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அழுதான். குழாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு வாசித்தான். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். வழுக்கிக்கொண்டு வரும்போது இரண்டு ஸ்வரத்துக்கு நடுவே ஒரு இடத்தில் நிற்பான். அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. தெருவில் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்கள். சொல்லுங்கள், நான் அவனுக்குக் கெடுதலா செய்தேன்?

பின் ஏன் வந்தேன் என்கிறீர்கள். போன ஞாயிறு அவர்கள் சபையில் பெரிய கூட்டம். அவர்களுக்குச் சாட்சி சொல்கிற வழக்கம் உண்டு, தனக்கு நடந்ததை மேடையேறிச் சொல்வது. நான் முன்வரிசையில் இருந்தேன். வாசித்து முடித்து மைக்கைப் பிடித்தான். "கர்த்தர் என் மூணு வெரல எடுத்துக்கிட்டு எட்டுக் கம்பியத் தந்தாரு" என்றான். கூட்டம் எழுந்து அல்லேலூயா என்றது. அதைக்கூடப் பொறுத்தேன். "அன்னைக்கு எங்க மொதலாளியண்ணன் என்னைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. அவிகளுக்காவ ஜெபிங்க" என்றான்.

எல்லாம் செய்தவர் கர்த்தர், நான் வெறும் வண்டிக்காரனாம்.

இந்த ஊரில் நூல் நம்முடையது, சாயம் நம்முடையது, தையல் நம்முடையது. கழுத்துக்குப் பின்னால் லேபிள் மட்டும் எவனோ ஒருவனுடையது. அது வியாபாரம், பேசி ஒத்துக்கொண்டது. இதை நான் யாரிடமும் பேசவில்லை. கர்த்தரானாலும் என் சரக்கில் தன் லேபிளைத் தைக்கக்கூடாது. அந்தச் சங்கீதத்தைச் செய்தவன் நான் என்று எழுதுங்கள், தேதியோடு.

பொறாமையா என்று கேட்கிறீர்கள். பொறாமைப்பட்டவன் கிட்டாரைக் கொண்டுபோய்க் கொடுப்பானா? கூட்டத்துக்கு மறுநாள் அவனிடம் அதை இரவல் வாங்கிவந்து நானும் வாசித்துப் பார்த்தேன். அதே சுருதி, அதே குழாய், அதே பாட்டு. எனக்குப் பத்து விரலும் இருக்கின்றன. ரங்காத்தாள் ஆபீஸ் கதவைத் திறந்து, "ஏனுங் தம்பி, தண்ணி மோட்டாரு ஏதாச்சும் சிக்கிருச்சுங்களா?" என்றாள். அன்றே கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆக, அவனுடைய சூட்சுமம் அந்த மூன்று விரலில் இல்லை. அது தெளிவாகிவிட்டது. தெரிந்துகொள்ள வேறு வழியும் இருக்கவில்லை.

செல்வினை அழைத்துவர ஆள் போயிருக்கிறது என்கிறீர்கள். வரட்டும். கிட்டாரையும் எடுத்துவரச் சொல்லுங்கள் சார். இந்தத் தடவை நான் அவனுடைய வலது கையைப் பார்க்க வேண்டும்.