மார்லிஸ் வீட்டுப் பாத்திரம்

தலைமை தாங்கி, தாமதமானால் பேருந்து காத்திராது என்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டும் தகைசால் போதகர் கிர்ஸ்டன் அம்மையார் அவர்களே! விடியுமுன் எழுந்து வெண்ணெயும் ரொட்டியும் வழங்கி எங்களை வாழவைக்கும் அடுக்களை அன்னையரே! பாடற்குழுப் பெரியோரே! பள்ளிக்கு விடுப்புச் சொல்லி வந்திருக்கும் இளையோரே! முன்வரிசை ஏறக்குறையக் காலியாகக் கிடந்தும் பின்சுவரை விட்டுப் பிரிய மனமில்லாத என் லுத்தரன் திருச்சபை மக்களே! பனி பொழியும் இந்தப் பொழுதிலே உங்கள் அனைவருக்கும் என் பணிவான காலை வணக்கம்.

இன்று நாம் செல்வது சட்டமன்றம். கேட்கப்போவது ஒன்றே ஒன்று: வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி வை. அவ்வளவுதான். பறிக்கச் சொன்னோமா? இல்லை. உடைக்கச் சொன்னோமா? இல்லை. வேட்டையை விடச் சொன்னோமா? நானே வேட்டைக்காரன். போன நவம்பரில் நான் சுட்ட மானைத்தான் இதே கூடத்தில் குழம்பு வைத்தார்கள். அதை இரண்டாம் முறை கேட்டு வாங்கியவர்களின் முகங்கள் எனக்கு இங்கிருந்தே தெரிகின்றன.

பிறகு ஏன் போகிறோம்? முன்வரிசையில் தனியாக அமர்ந்திருக்கிறாரே ஆர்டிஸ், அவருக்காகப் போகிறோம். அவர் மகன் ட்ரெவர் ஒரு சனிக்கிழமை நண்பன் வீட்டுக்குப் போனான். அலமாரியில் பூட்டாத துப்பாக்கி. குண்டு இல்லை என்று பையன்கள் இருவரும் நினைத்தார்கள். இருந்தது. இதற்கு அலங்காரம் சேர்த்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

துக்க வீட்டுக்கு நாம் எப்படிப் போவோம்? வாய் நிறைய ஆறுதலோடா? நமக்குத்தான் பேச வராதே! கை நிறையப் பாத்திரத்தோடு போவோம். உருளைக்கிழங்கும் இறைச்சியும் வேகவைத்து, பாத்திரத்தின் அடியில் ஒட்டுத்தாளில் நம் பெயரை எழுதி, வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். ஆர்டிஸ் வீட்டு மேசையும் அன்று அப்படித்தான் நிரம்பியது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது இந்த ஊரில் வழக்கமில்லை. அவரும் ஏதேனும் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒன்றை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

சென்ற ஆண்டு இதே நாளில் இதே பேருந்தில் போனோம். நம் தொகுதி உறுப்பினர் லோரன் யார்? பாடற்குழுவில் என் பக்கத்தில் நின்று சுருதி விலகிப் பாடும் அதே லோரன்தான். அவர் அறைக்குள் ஐந்து பேர் போனோம்; மற்றவர்கள் வேறு உறுப்பினர்களைப் பார்க்கப் போனார்கள். ஆர்டிஸ் மடியில் அந்தப் பாத்திரம், அது நிறைய எலுமிச்சை கேக். நமக்குக் கிடைத்தது பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசினோம் தெரியுமா?

"ரோட்டுல பனிய நல்லா வாரியிருக்காங்க லோரன்" என்றார் நம் டுவேன்.

"அப்படியா? அம்மா இடுப்பு எப்படி இருக்கு?"

"தேவலை. உங்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கும், தொந்தரவு பண்ணிட்டோம்."

"சேச்சே, என்ன தொந்தரவு!"

பின்வரிசையில் யார் சிரிப்பது? டுவேன், நீர் சிரிக்கக் கூடாது ஐயா! உதவியாளர் கதவைத் தட்டினார். எழுந்தோம், கைகுலுக்கினோம், நன்றி சொன்னோம். ஆளுக்கு மூன்று முறை நன்றி சொன்னோம். வெளியே வந்ததும் போதகர் கேட்டார்: "சட்டத்தைப் பத்திக் கேட்டது யாரு?"

நான் டுவேனைப் பார்த்தேன். டுவேன் தரையைப் பார்த்தார்.

"அட கடவுளே, கேக்கைக் குடுத்துட்டு வந்துட்டேன், கேக்க வந்ததைக் கேக்கலையே!" என்று திரும்பி நடந்தார் ஆர்டிஸ். கதவைப் பிடித்துக்கொள்ள நான் பின்னாலேயே ஓடினேன். உள்ளே லோரன் வாய் நிறைய கேக்கோடு நிற்கிறார்.

"அடியில என்ன எழுதியிருக்குன்னு பாரு" என்றார் ஆர்டிஸ்.

பாத்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தார் லோரன். "இது எங்க வீட்டுப் பாத்திரமாச்சே! மார்லிஸ் கையெழுத்து."

"ஆமா. ட்ரெவர் அடக்கத்தன்னிக்கு உன் பொண்டாட்டி கொண்டு வந்தது. இத்தனை நாள் என் வீட்டுலதான் இருந்துச்சு."

"குடுத்து அனுப்பியிருக்கலாமே ஆர்டிஸ்?"

"வெறும் பாத்திரமா எப்படிக் குடுக்கறது? அவ அழுதுகிட்டே கொண்டு வந்தா. அதுக்குப் பதிலா என்னத்தை வைக்கிறதுன்னே தெரியல." ஆர்டிஸ் மூச்சு வாங்கிக்கொண்டார். "மார்லிஸ் இதைத் தூக்கிக்கிட்டு இன்னொரு வீட்டுக்கு இப்படிப் போகக் கூடாது. பூட்டுச் சட்டத்துக்குக் கை தூக்குவியா?"

"ஊர்ல ஓட்டு போயிடும் ஆர்டிஸ். உங்களுக்குத் தெரியாததா?"

"போகட்டும். தூக்குவியா, மாட்டியா?"

லோரன் பாத்திரத்தை மெல்ல மேசைமேல் வைத்தார். மறுநாள் வாக்கெடுப்பில் கை தூக்கினார்.

கைதட்ட வேண்டாம், பொறுங்கள்! சட்டம் தோற்றது. சில கைகள் குறைந்தன. அந்தக் கைகளுக்கு உரியவர்களை அன்று பார்த்துவிட்டு வந்தவர்கள் யார்? நாம்தான்! அவர்களிடம் பனியைப் பற்றிப் பேசியவர்கள் யார்? நாம்தான்! பணிவாக நன்றி சொல்லிப் படியிறங்கியவர்கள் யார்? நாமேதான்! பேருந்து நிறையப் போனோமே, வாய்விட்டுக் கேட்டவர்கள் எத்தனை பேர்? ஒரே ஒருத்தி! நாம் கேட்டதால் எழுந்த கை எத்தனை? ஒரே ஒரு கை! நான் கணக்கில் கெட்டிக்காரன் அல்லன். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கு உறைக்கிறது. உங்களுக்கு உறைக்கிறதா இல்லையா?

இன்று அதே சட்டம் மீண்டும் வருகிறது. மூன்றாம் வரிசையில் மார்லிஸ் வந்திருக்கிறார், மடியில் அதே பாத்திரத்தோடு. அதிலே என்ன என்று காலையில் விசாரித்தேன். "கேக்குதான். ஆனா எல்லாரும் கேக்க வேண்டியதைக் கேட்டு முடிக்கிற வரைக்கும் மூடியைத் தொடவிட மாட்டேன்" என்றார். டுவேன், உமக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

மேடையேறியவன் நன்றி கூறி இறங்குவது மரபு. இன்று நான் கூறப்போவதில்லை. நீங்களும் உங்கள் நன்றியைக் கோட்டுப் பையிலேயே போட்டு வையுங்கள். அறைக்குள் நுழைந்ததும் கேளுங்கள். பனியைப் பற்றிப் பேசுமுன் கேளுங்கள். அவர்கள் அம்மாவின் இடுப்பை விசாரிக்குமுன் கேளுங்கள். மாலையில் இதே கூடத்துக்குத் திரும்புவோம். அப்போது ஆர்டிஸின் முகத்தைப் பார்த்து "நான் கேட்டேன்" என்று யார் சொல்கிறீர்களோ, அவர்களுக்கு இருக்கிறது என் நன்றி.

இப்போதைக்கு வணக்கம் மட்டும். பேருந்தில் ஏறுங்கள்.