குசுகுசுவென்று பேசலாம்

கதவை மெல்லச் சாத்துகிறவர்களை எனக்குப் பிடிக்கும். நீங்கள் மெல்லச் சாத்தினீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஆள் வருகிறது என்றதும், தடதடவென்று படியேறி வரும் ஒருவரைத்தான் எதிர்பார்த்தேன். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். என் மனைவி தேநீர் கொண்டுவருவாள். வரும்போது ஏதாவது முணுமுணுத்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தப் பாட்டாகத்தான் இருக்கும்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு பாடகரின் குரல் போய்விட்டது, ஊர் ஊராக நடக்க இருந்த கச்சேரிகள் ரத்து என்று உங்களிடம் இழப்பீடு கேட்டிருக்கிறார்கள். அதே குழு இன்னொருவரை வைத்து மேடை ஏறுகிறது. அந்த இன்னொருவர் பாடகரின் பெரியப்பாவாக இருக்கிறார். நானாக இருந்தாலும் விசாரிக்கத்தான் வருவேன். நேராகக் கேளுங்கள். நேராகக் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அது.

இன்னொரு வழக்கம், இந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. என் அப்பாவுக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான், வீடே கப்சிப். எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். ரயில் தாமதம் என்று ஒலிபெருக்கியில் நான் சொன்னால் பயணிகள் முனகாமல் பெட்டி மேல் உட்காருவார்கள். பிற்பாடு அந்த வேலையை, பதிவு செய்து வைத்த ஒரு பெண் குரலுக்குக் கொடுத்துவிட்டார்கள். ரயில் வந்தாலும் வராவிட்டாலும் அவளுக்கு ஒரே சந்தோஷம். அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

என் தம்பி சீக்கிரம் போய்விட்டான். அவன் பிள்ளையை வளர்த்தது நானும் என் மனைவியும். பிறந்த அன்றே கத்தி ஆஸ்பத்திரியையே கூட்டிய பிள்ளை அது. நல்ல பெயர் ஒன்று வைத்தேன்; ரசிகர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 'இடி' என்கிறார்கள். ராக் பாட்டு பாடுகிறவன். பாடுகிறான் என்பது அவர்கள் சொல்வது. கழுத்து நரம்பு புடைக்க, சட்டைப் பொத்தான் தெறிக்க, மைக்கைக் கடிக்காத குறையாக ஒன்று செய்வான். ஒரு தடவை நிஜமாகவே கடித்துப் பல் உடைந்தது.

அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பாட்டு மட்டும் பொறுக்கவில்லை. நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

பெரியப்பா வர்றாரு, பேச்சைக் குறை
பெரியப்பா வர்றாரு, சிரிப்பை மறை

இதற்குப் பிறகு மேளம் நிற்கும். அவன் உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்பான். என்னைப் போலவே, தலையைக் கொஞ்சம் சாய்த்து. கூட்டம் முழுக்க விரலை உதட்டில் வைத்து 'உஷ்' என்னும். அடுத்த நொடி இடி விழுந்த மாதிரி எல்லாம் சேர்ந்து அலறும். அதுதான் பாட்டு. அதற்குப் பரிசு வேறு.

முடிவெட்டும் கடையில் எனக்குச் சவரம் செய்துகொண்டே கடைக்காரர் அதை முனகினார். என்ன பாட்டு என்று கேட்டேன்.

"தெரியாதா சார்? அப்படி ஒரு பெரியப்பா நிஜமாவே இருக்காராம். பாவம் சார் அந்த வீட்டு ஆளுங்க. எப்படித்தான் மூச்சு விடுறாங்களோ."

கத்தி கழுத்தில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. வெளியே வந்தால் பேருந்துக்கு நின்றிருந்த எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் வரிசையாக விரலை உதட்டில் வைத்தார்கள். ஒரு குடும்பத்தின் மானம் போவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்.

அவன் அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது கூப்பிட்டு நிறுத்தினேன்.

"என்னடா எழுதி வச்சிருக்க?"

"பாசத்துல எழுதினது பெரியப்பா."

"பாசத்த மைக்ல கத்துவாங்களா?"

"நேர்ல சொன்னா நீங்க கண்ணாடிய கழட்டிடுவீங்களே."

நான் கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்துக்கொண்டேன். என் மனைவி அடுப்படியில் பாத்திரத்தைக் கீழே போட்டாள். வேண்டுமென்றே போட்டாள், சிரித்த சத்தம் கேட்காமலிருக்க.

கத்திக் கத்தி அவன் குரல் நாணில் சின்னக் கட்டி வந்தது. எடுத்துவிட்டால் பழைய குரல் வந்துவிடும், கச்சேரிப் பயணத்துக்கு முன் ஆறிவிடும் என்றார் தொண்டை டாக்டர். ஆபரேஷன் முடிந்ததும் அவன் நேராக இங்கே வந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே சத்தமில்லாத வீடு இதுதான். மயக்கம் தெளியும்போது டாக்டர் சொன்னது அவன் மண்டையில் ஏறவில்லை. அச்சடித்துக் கொடுத்த தாளை வாடகைக் காரில் விட்டுவிட்டான். அந்த டாக்டர் அம்மாள் பொறுப்பானவர். சந்தேகப்பட்டு வீட்டுக்குப் போன் செய்தார். இந்த வீட்டில் போனை எடுப்பது நான்தான்.

"சார், அவர் வாயே திறக்கக் கூடாது. முக்கியமா குசுகுசுன்னு பேசவே கூடாது. எல்லாரும் அது பரவாயில்லன்னு நினைக்கிறாங்க. இந்த நிலைமைல சத்தமா பேசறத விட அது மோசம். புண்ணு ஆறாம உரசிக்கிட்டே இருக்கும். எது வேணும்னாலும் எழுதிக் காட்டட்டும்."

ரயில்வேயில் ஒரு ஒழுங்கு உண்டு. போனில் வந்த தகவலை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் போனை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில் வரும். பழக்கம் விடவில்லை, நானும் திருப்பிச் சொன்னேன். "வாய் திறக்கக் கூடாது. குசுகுசுவென்று பேசவே கூடாது. அதுதான் மோசம். எழுதிக் காட்ட வேண்டும்." டாக்டர் சந்தோஷப்பட்டார். "இவ்வளவு கவனமா கேட்டுக்கிட்டவங்க யாருமே இல்ல சார்" என்றார். அதை உங்களிடமும் சொல்லியிருக்கிறார் போல. அதனால்தானே இங்கே வந்திருக்கிறீர்கள். சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்று நான் சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன். என் வேலையில் ஒரு தகவலைக்கூட நான் தப்பாக வாங்கியதில்லை.

போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். ஜன்னல் ஓரம் கட்டிலில் சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். கழுத்தில் துண்டு. டாக்டர் என்ன சொன்னார் என்று புருவத்தால் கேட்டான்.

"சத்தமா பேசக் கூடாதாம்" என்றேன். "குசுகுசுன்னு பேசலாமாம்."

நான் செய்தது இதுதான். 'கூடாது' இருந்த இடத்தில் 'லாம்' போட்டேன். அடிக்கவில்லை, குடிக்கிற தண்ணீரில் எதையும் கலக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த மாதிரி ஈனத்தனம் கிடையாது.

அவன் முகம் மலர்ந்தது. "தேங்க்ஸ் பெரியப்பா" என்றான். காற்று மட்டும் வந்தது. பிறந்ததிலிருந்து அவன் வாயால் அவ்வளவு அடக்கமான ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. இப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. யாருக்குத்தான் தோன்றாது.

அன்றிலிருந்து தினமும் காலையில் நாற்காலியை அவன் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வேன். "சொல்லு, நீ என்னதான் பண்ணிட்டிருந்த இத்தனை வருஷம்" என்பேன். இதுவரை அவனிடம் நான் அப்படிக் கேட்டதே இல்லை. அவன் கண் கலங்கிவிட்டது. கொட்டித் தீர்த்துவிட்டான்.

கல்லூரி கேன்டீனில் மேசை மேல் ஏறிப் பாடி, மேசையோடு விழுந்தது. முதல் கிட்டார்காரன், ஒரு வரியில் 'நான்' வருமா 'நாம்' வருமா என்ற சண்டையில் விலகிப்போய் எதிர்க் குழு ஆரம்பித்தது. ஒரு ஓட்டலின் நீச்சல் குளத்தில் பியானோ எப்படி இறங்கியது என்பது. அது தானாக உருண்டது என்று இன்றுவரை அவன் சாதிக்கிறான். குடியை விட்டது, மறுபடி பிடித்தது, மறுபடி விட்டது. குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் பெண்ணைக் கட்டிக்கொண்டது, அடுத்த ஆல்பம் வருவதற்குள் பிரிந்தது. பிரிந்த மறுநாளும் அவளேதான் வாசித்தாளாம்.

"கோவத்துல அன்னிக்கு இன்னும் நல்லா வாசிச்சா பெரியப்பா."

"அப்புறம்?"

அவன் களைத்துப்போய் நிறுத்தும்போதெல்லாம் நான் இந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னேன். அப்புறம். சில சமயம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமுவான். வெந்நீர் கொடுப்பேன். முதுகைத் தடவிவிடுவேன். அப்புறம் என்ன ஆச்சு என்பேன்.

என் மனைவி ஒரு நாள் கதவருகில் நின்றாள்.

"பெரியப்பாவுக்கும் பிள்ளைக்கும் அப்படி என்ன ரகசியம்? டாக்டர் பேசலாம்னு சொன்னாரா?"

"சொன்னாரு பெரியம்மா, குசுகுசுன்னு" என்றான் அவன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எவ்வளவு காலமாக என்னோடு குடித்தனம் செய்கிறவள். கீழே இறங்கிப் போனாள். அன்று முழுக்க அந்தப் பாட்டை முணுமுணுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்தேன் என்று இருக்க வேண்டாம். ஒரு நாள் அவன் சொன்னான், "சின்ன வயசுல பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டேஷனுக்கு ஓடி வருவேன் பெரியப்பா. பெஞ்சுக்குப் பின்னால உக்காந்து நீங்க மைக்ல பேசறதக் கேப்பேன். அத்தன பேரும் ஒரு குரலுக்கு அடங்கறாங்களேன்னு இருக்கும். அதுலதான் எனக்கு மைக் மேல ஆசையே வந்துச்சு."

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம் என்று உங்கள் முகம் சொல்கிறது. உண்மைதான். ஆனால் நம்மைப் பற்றி ஒருவன் அப்படிச் சொல்லும்போது பாதியில் நிறுத்தச் சொல்ல யாருக்கு மனசு வரும். என் குரல் அப்போது எப்படி இருந்தது என்று கேட்டேன். விவரமாகச் சொன்னான். மறுநாள் மறுபடி கேட்டேன்.

மறு பரிசோதனைக்குப் போனபோது குரல் இல்லை. காகிதம் கிழிகிற மாதிரி ஒரு ஓசை, அவ்வளவுதான். டாக்டர் திட்டினாராம். யார் பேசச் சொன்னது என்று கேட்டாராம். இவன் "நானாத்தான் பேசினேன்" என்று எழுதிக் காட்டியிருக்கிறான். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பேன், அதற்காக என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று. வளர்ப்பு அப்படி. இருந்தாலும் வாயை மட்டும் மூடவில்லை. பெரியப்பாவிடம் குசுகுசுவென்று பேசுவதால் இனிமேல் என்ன கெட்டுவிடப் போகிறது என்கிறான். நானும் தடுக்கவில்லை.

குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். மேளக்காரன் கூடத்தில் நின்று ஓவென்று அழுதான், அந்தப் பேஸ் கிட்டார் பெண் அவனை அதட்டினாள், சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. நான் படியில் நின்று 'உஷ்' என்றேன். அப்படியே நின்றுவிட்டார்கள். மேளக்காரனுக்கு விக்கல் வந்துவிட்டது.

"இதுதான் ஒரிஜினலா?" என்றான்.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மாமா, இத ஒரே ஒரு தடவ மைக்ல சொல்றீங்களா?"

மறுத்தேன். மறுபடி கேட்டார்கள், மறுபடி மறுத்தேன். மாடியிலிருந்து அவனே இறங்கி வந்து, அந்தக் கிழிந்த ஓசையில், "போங்க பெரியப்பா, எனக்காக" என்றான். பிள்ளை கேட்டபின் எப்படி மறுப்பது. தவிர, இவ்வளவு காலமாக நம்மைக் கேலி செய்த கூட்டத்தை நேருக்கு நேர் கண்டிக்க ஒரு வாய்ப்பு. அதற்காகத்தான் போனேன்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு மேடைக்குப் போனேன். அரங்கம் இரைந்துகொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். சத்தம் முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை ஒவ்வொன்றாக அணைந்தது. "பயணிகளின் கவனத்திற்கு" என்றேன். "கத்துகிறவர்கள் அடுத்த பிளாட்பாரத்துக்குப் போகலாம்." பிறகு 'உஷ்' என்றேன். அதற்குப் பின் எழுந்த அலறலை உங்களுக்கு விளக்க முடியாது. கூரையில் தொங்கிய விளக்குகள் ஆடின.

ஒரு தடவை கண்டித்தால் திருந்துகிற கூட்டம் இல்லை அது. ஆகவே ஒவ்வொரு ஊராகப் போய்க் கண்டித்து வருகிறேன். சுவரொட்டியில் என் படம் பெரிதாக இருப்பது நான் கேட்டு நடந்ததல்ல. தலை கூடுதலாகச் சாய்ந்திருந்தது, அதை மட்டும் மாற்றச் சொன்னேன். ரயில்வே பெண் குரலுக்கு யாரும் ஒருநாளும் கை தட்டியதில்லை என்பதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

எழுதிக்கொண்டீர்களா? இழப்பீடு கொடுக்க வேண்டாம். தப்பாக வாங்குகிற பணம் இந்த வீட்டுக்குள் வராது.

நீங்கள் வந்ததும் சொன்னீர்களே, அது எனக்கும் புதுச் செய்தி. குரல் நாண் முழுக்கப் போகவில்லை, இன்று முதல் ஒரு வார்த்தை, ஒரு குசுகுசு இல்லாமல் இருந்தால் பழைய குரல் திரும்பிவிடும் என்று டாக்டருக்கு இன்று காலைதான் தெரிந்தது என்றீர்கள். நல்ல செய்தி. கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. அவனுக்கு இன்னும் தெரியாது, இல்லையா?

நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், தேநீர் ஆறிவிடும். மாடியில்தான் இருக்கிறான். நானே போய்ச் சொல்கிறேன். நான் சொன்னால்தான் அவன் நம்புவான்.