வண்டிக்கு முன்னால் இருப்பவன்

நாற்காலி கொடுத்தீர்கள், நன்றி. ஆனால் நான் இப்படி வலது காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார முடியும். மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள் ஐயா. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இரும்புத் தகடு கட்டியிருக்கிறது. காலையில் என் மனைவி கட்டிவிட்டாள், வார் கொஞ்சம் இறுக்கம்.

மற்ற வண்டிக்காரர்கள் வண்டியில் உட்கார்ந்து ஓட்டுவார்கள். எங்கள் லாயத்து வண்டிகளில் அந்த இருக்கையே கிடையாது. இடது குதிரைமேல் ஏறிக்கொண்டு, வலது குதிரையைக் கைவாரால் நடத்துவோம். நடுவே வண்டியின் நீளமரம் ஆடிக்கொண்டே வரும். அது காலை நசுக்கிவிடாமல் இருக்கத்தான் இந்த இரும்பு.

ஆக, நாங்கள் வண்டிக்கு முன்னால் இருப்பவர்கள். இறக்கத்தில் மொத்த வண்டியும் முதுகுக்குப் பின்னால் வரும். பாருங்கள், சொல்லும்போதே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

அதனால் இறக்கத்தின் உச்சியில் குதிரையை விட்டு இறங்கி, பின்சக்கரத்தின் அடியில் ஓர் இரும்புத் தடைக்கட்டையைச் செருகுவோம். அதை ஒரு சங்கிலி பிடித்துக்கொள்ளும். சக்கரம் சுழலாமல் இழுபட்டுக்கொண்டு மெல்ல இறங்கும். மறுபடி குதிரைமேல் ஏறிவிட்டால் அந்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரியாது. நம்ப வேண்டியதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் எனக்குக் கட்டை நழுவியது. குதிரைகள் எப்படியோ சமாளித்து நின்றன. உள்ளே இருந்தவர்களுக்குத் தூக்கம்கூடக் கலையவில்லை. எனக்கு மட்டும் உயிர் போய் உயிர் வந்தது. முழுசாகத் திரும்பி வந்ததா என்று இன்றும் சந்தேகம்தான்.

பிறகு இறக்கப் பாதைச் சவாரிகளையெல்லாம் மச்சினன் தலையில் கட்டினேன். என் மனைவியின் ஒரே தம்பி, அதே லாயத்தில் வேலை. முழங்கால் வலி என்பேன். "மாமா முழங்கால் ரொம்பக் கெட்டிக்காரி, இறக்கத்தைக் கண்டாதான் வலிக்கும்" என்று சிரிப்பான். ஆனால் போய்விடுவான்.

போன மாதம் முதலாளி, இனி நீங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துத்தான் இறக்கத்தில் போகவேண்டும் என்றார். அன்று தீனித்தொட்டி பக்கத்தில் மச்சினன் என் கையைப் பிடித்தான். என் உள்ளங்கை வேர்த்து நனைந்திருந்தது. இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

"பயமா இருந்தா எங்கிட்ட சொல்லலாம்ல மாமா. முதலாளிகிட்ட நான் பேசறேன். இதுல என்ன வெட்கம்?"

அன்புடன்தான் சொன்னான். ஆனால் பத்தொன்பது வருஷம் சவாரி செய்தவன் பயந்தாங்கொள்ளி என்று லாயம் முழுக்கத் தெரிந்தால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடமாடுவேன்? கொஞ்சம் பொறு, நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவரை என் முறையையும் நீயே பார் என்றேன். சரி என்றான்.

நான் யோசித்துச் செய்கிறவன். ஆற்றில் பழைய மரப்பாலம் இருந்ததே, நினைவிருக்கிறதா? முதலில் ஒருவர் விழுந்து இறந்தார். கவனமாகப் போகவும் என்று பலகை வைத்தார்கள். பிறகு ஒரு குடும்பமே போயிற்று. மறுவாரமே பாலத்தை மூடிவிட்டார்கள். இறக்கப் பாதையையும் மூடினால் எல்லோரும் சுற்றுவழியில் போவார்கள். அது முழுக்கச் சமதரை.

ஒரு மத்தியானம் குதிரைகள் தின்றுகொண்டிருந்தபோது, உபரிச் சங்கிலி ஒன்றில் ஒரு கண்ணியை அரத்தால் ராவினேன். முக்கால் பங்குதான். ராவிய இடத்தில் மசகு தடவினேன். இரண்டு நாள் வண்டியில் ஒற்றை ஆள்தான் ஏறினார். காலையில் வண்டிக்குச் சங்கிலி மாட்டுவது என் வேலை; அந்த இரண்டு நாளும் நல்ல சங்கிலியைத்தான் மாட்டினேன். வீணாக ஒரு உயிர் போகக்கூடாது அல்லவா.

மூன்றாம் நாள் ஒரு பள்ளி ஆசிரியர், அவர் மனைவி, ஒரு பெண் குழந்தை. குழந்தை ஜன்னல் பக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது. நான்தான் தூக்கி உட்காரவைத்தேன். மச்சினன் குதிரைமேலிருந்து, "முழங்கால் எப்படி இருக்கு?" என்றான். தேவலை என்றேன்.

அவனைக் கொல்ல நினைக்கவே இல்லை ஐயா. இறக்கப் பாதைக்கு வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நான்கு பேரும் போனார்கள். பாதையை மூடவில்லை. வளைவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் கட்டினார்கள். முதலாளி தடித்த சங்கிலியாக வாங்கிவந்து, அனுபவசாலி நீ ஒருத்தன்தான் மிச்சம், இனி இறக்கம் முழுக்க உன் பொறுப்பு என்று என் தோளைத் தட்டினார்.

இன்று அந்தப் பொறுப்பில் எனக்கு முதல் சவாரி. மச்சினன் காலிலிருந்து கழற்றிய இரும்பை என் மனைவி தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். குனிந்து கட்டிவிட்டுச் சொன்னாள்: "என் தம்பி போட்டது. அவன் உங்க கூடவே வருவான்."

குதிரைகள் பூட்டித் தயாராக நின்றன. நான் நேரே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளுங்கள். சிறை என்றாலும் தூக்கு என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

கீழூர் நீதிமன்றம், நாளைக் காலை வண்டி என்று நீங்கள் வாசலில் நிற்கும் காவலரிடம் சொன்னது காதில் விழுந்தது. இறக்கப் பாதைதானே? எனக்கு விலங்கு போட்டு, சுற்றுவழியில் நடத்தியே கூட்டிப்போங்கள், எத்தனை நாள் ஆனாலும் சரி. லாயத்தில் இப்போது அந்தச் சங்கிலியை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவன் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியுமா?